மரி என்டியாய்: நாவலாசிரியரா, நாடகாசிரியரா?

தாழம்பூ:

வணக்கம் நண்பர்களே. மூன்று மாதமாக ஒரே ஒருவரைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். மரி என்டியாய், பிரெஞ்சில் எழுதுபவர். எனக்கு பிரெஞ்சு தெரியாது, ஆங்கிலம் வழியாகத்தான் படிக்கிறேன். நம் குழுவில் இவரைப் பற்றி இதுவரை ஓர் இழைகூட இல்லை என்று தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், அதனால் நானே தொடங்குகிறேன்.

அறியாதவர்களுக்காக ஒரு சுருக்கம். 1967இல் பித்திவியே என்ற சிற்றூரில் பிறந்தவர். அம்மா பிரெஞ்சுக்காரர், அப்பா செனகல்காரர். குழந்தைக்கு ஒரு வயதிருக்கும்போது அப்பா ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டார். பாரிஸ் புறநகரில் அம்மாதான் வளர்த்தார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலிருந்தே எழுதிக்கொண்டிருந்த பெண், 17 வயதில் ஒரு நாவலை முடித்து 'மினுய்' பதிப்பகத்துக்கு அனுப்புகிறார். சாமுவேல் பெக்கெட்டை வெளியிட்ட அதே பதிப்பகம். அதன் தலைவர் ஜெரோம் லிந்தோன் கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு, ஒப்பந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் படித்த பள்ளியின் வாசலில் போய் நின்றாராம். வகுப்பு விட்டு வெளியே வரும் மாணவிக்காக! 1985இல் புத்தகம் வந்தது. அடுத்த நாவல் வேறு பதிப்பகத்தில் வந்தது. அது முழுக்க ஒரே வாக்கியம்.

2001இல் 'ரோசி கார்ப்' நாவலுக்கு ஃபெமினா பரிசு. 2009இல் 'மூன்று வலிமையான பெண்கள்' நாவலுக்கு கோன்கூர் பரிசு. கோன்கூர் பெற்ற முதல் கறுப்பினப் பெண் இவர்தான். பரிசுத் தொகை வெறும் 10 யூரோ காசோலை, ஆனால் பிரான்சில் ஒரு புத்தகத்தை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்தப் பரிசுதான்.

இவ்வளவும் எல்லோரும் சொல்வது. நான் கேட்க வந்தது வேறு. இவர் 1999 முதல் தொடர்ந்து நாடகமும் எழுதிவருகிறார். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பரிசு பெற்ற நாவல்களைப் படிக்கிறோம், நாடகங்களை 'அதுவும் எழுதியிருக்கிறார்' என்று தாண்டிப் போய்விடுகிறோம். என் எண்ணம் என்னவென்றால், அவருடைய நாடகங்களைப் படித்தால்தான் நாவல்கள் திறக்கின்றன. படித்தவர்கள் சொல்லுங்கள்.

---

கருவேலம்:

நான் 'மூன்று வலிமையான பெண்கள்' மட்டும் படித்தேன். மனதில் பட்டதைச் சொல்கிறேன், தவறாக நினைக்காதீர்கள்.

முதல் பகுதி பிடித்தது. நோரா என்ற வழக்கறிஞர் பாரிஸிலிருந்து டக்காருக்கு அப்பாவைப் பார்க்கப் போகிறார். ஒரு காலத்தில் மிடுக்கோடு இருந்த அந்த அப்பா இப்போது கிழடு தட்டிப்போய், ராத்திரியானால் வாசலில் இருக்கும் செம்மயிற்கொன்றை மரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார். அந்தப் படம் மனதை விட்டுப் போகவே இல்லை. மூன்றாவது பகுதியில் வரும் காதி டெம்பாவும் சரி.

நடுப்பகுதிதான் பிரச்சினை. தலைப்பில் மூன்று பெண்கள் என்று போட்டுவிட்டு, நடுவில் இருக்கும் ஃபாந்தாவைக் காட்டவே இல்லையே? நூறு பக்கத்துக்கு மேல் அவளுடைய கணவன் ரூடியின் புலம்பல்தான். பிரான்சின் கிராமப்புறத்தில் சமையலறை அலமாரிகள் விற்கும் ஒருவன், ஒரே நாளில் காரில் இங்கும் அங்கும் அலைந்துகொண்டு தன் தோல்விகளையே நினைத்துக்கொண்டிருக்கிறான். ஃபாந்தா வலிமையானவள் என்று நான் எதை வைத்து நம்புவது? எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

---

மேடைவிளக்கு:

கருவேலம், நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை 'ஹில்டா' நாடகத்தில் இருக்கிறது. தாழம்பூ சொல்வதற்கு நான் முழு ஆதரவு.

இருபது வருடமாகச் சிறு குழுக்களோடு மேடை வேலை செய்துவருகிறேன், நான் படித்ததிலேயே நடுக்கம் தந்த நாடகங்களில் 'ஹில்டா' ஒன்று. 1999இல் வந்தது, அவருடைய முதல் நாடகம். மொத்தம் மூன்றே பேர். மதாம் லெமர்ஷான் என்ற வசதியான பெண்மணி, கூலிவேலை செய்யும் ஃபிராங்க், பிறகு ஃபிராங்கின் மைத்துனி கொரின். ஃபிராங்கின் மனைவிதான் ஹில்டா. அவள் மேடைக்கு வருவதே இல்லை. கடைசிவரை ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவள் பெயர்தான் நாடகத்தின் பெயர்.

தொடக்கக் காட்சியைப் பாருங்கள். மதாமுக்கு வீட்டு வேலைக்கு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேண்டும். ஃபிராங்கைக் கூப்பிட்டு விசாரிக்கிறார். முதலில் அவரை ஈர்ப்பது அந்தப் பெயர்தான். ஹில்டா என்ற பெயருடைய வேலைக்காரி இதுவரை தனக்கு அமையவில்லையே என்று அந்தப் பெயரையே வாயில் போட்டுச் சுவைப்பதுபோல் பேசுகிறார். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்கிறார்: சுத்தமானவளா, பார்க்க நன்றாக இருப்பாளா, பிள்ளைகளோடு ஒத்துப்போவாளா. ஃபிராங்க் ஒன்றிரண்டு சொல்லில் பதில் சொல்கிறான். மதாமின் பேச்சோ பக்கம் பக்கமாக ஓடுகிறது.

முக்கியமானது என்னவென்றால் மதாம் தன்னைக் கொடுமைக்காரியாக நினைத்துக்கொள்வதே இல்லை. இடதுசாரி என்று சொல்லிக்கொள்பவர். ஹில்டாவோடு சமமாக உட்கார்ந்து காபி குடிக்க வேண்டும், தோழிகள்போல் பேச வேண்டும் என்று ஆசைப்படுகிறார். ஹில்டா அந்த நட்பை ஏற்கவில்லை என்பதுதான் அவருடைய மனக்குறை. உழைப்பை வாங்கியாயிற்று, முன்பணம் கொடுத்துக் கட்டிப்போட்டாயிற்று, இப்போது அன்பும் வேண்டும். மேடையில் இல்லாத ஒருத்தி காட்சிக்குக் காட்சி குறைந்துகொண்டே போவதை நாம் காதால் கேட்கிறோம். அடிதடி இல்லை, கூச்சல் இல்லை. பேச்சு மட்டும்தான்.

இப்போது ஃபாந்தாவுக்கு வருவோம். டக்காரில் இலக்கியம் கற்பித்தவள். கணவனை நம்பி பிரான்சுக்கு வந்து, வேலை கிடைக்காமல் வீட்டோடு கிடக்கிறாள். அன்று காலை ரூடி அவளிடம் சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டான், வந்த இடத்துக்கே போ என்று. அதன் பிறகு அவன் நாள் முழுக்க பேசிக்கொண்டே இருக்கிறான், மனத்துக்குள். ரூடி நாவலில் வரும் மதாம் லெமர்ஷான். ஃபாந்தா இன்னொரு ஹில்டா. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அந்தப் பகுதியின் முடிவில் 'எதிர்நாதம்' என்று ஒன்றிரண்டு பக்கம் வரும், நினைவிருக்கிறதா? பக்கத்து வீட்டுக் கிழவி ஜன்னல் வழியே பார்க்கிறாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஃபாந்தா சிரித்துக்கொண்டு கையசைக்கிறாள். அவ்வளவுதான். நாவல் முழுக்க அவளை நேரில் பார்க்கும் ஒரே கண் அந்தக் கிழவியின் கண்தான். அந்தக் கையசைப்புக்காகத்தான் நூறு பக்கம் நம்மைக் காக்க வைத்தார் என்று நினைக்கிறேன்.

---

கருவேலம்:

அந்தக் கிழவி வரும் பக்கத்தை நான் வேகமாகப் புரட்டிவிட்டேன் போலிருக்கிறது. இன்று ராத்திரி எடுத்துப் பார்க்கிறேன்.

---

புதுவை_வாசகி:

'ஹில்டா'வை நான் பிரெஞ்சிலேயே படித்தேன். மொழிபெயர்க்கலாமே என்று உட்கார்ந்து, முதல் நான்கு பக்கத்திலேயே நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்பதைச் சொல்வதுதான் இங்கே பயன்படும் என்று தோன்றுகிறது.

பிரெஞ்சில் 'எல்' என்று ஒரே சொல். அவள், அவர் இரண்டுக்கும் அதுதான். மதாம் லெமர்ஷான் ஹில்டாவைப் பற்றி ஃபிராங்கிடம் பேசும்போது நாடகம் முழுக்க அந்தச் சொல்தான் வருகிறது. நேருக்கு நேர் பேசும்போது மட்டும் நீ, நீங்கள் வேறுபாடு பிரெஞ்சிலும் உண்டு. மதாம் ஃபிராங்கை மரியாதையாக 'நீங்கள்' என்றுதான் சொல்கிறார். ஆனால் இங்கே இல்லாத மூன்றாம் ஆளுக்கு மரியாதை, மரியாதையின்மை என்று பிரெஞ்சு இலக்கணம் எதையும் கேட்பதில்லை.

தமிழ் கேட்கிறதே! முதல் வரியிலேயே நான் முடிவு செய்தாக வேண்டும். மதாம் 'அவள் வேலை செய்வாளா' என்று கேட்கிறாரா, 'அவர் வேலை செய்வாரா' என்று கேட்கிறாரா, 'அவங்க வருவாங்களா' என்று கேட்கிறாரா? 'அவள்' என்று போட்டால் முதல் வரியிலேயே மதாமின் முகமூடி கழன்றுவிடுகிறது. நாடகத்தில் அது மெல்லக் கழல வேண்டும். 'அவர்' என்று போட்டால் நம் காதுக்கு யாரோ அலுவலக அதிகாரியைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கிறது. கடைசியில் இப்படி யோசித்தேன்: முதலில் 'அவங்க'. முன்பணம் கைமாறிய பிறகு ஒரு காட்சியில் தற்செயலாக 'அவ' என்று வந்துவிடும், மதாம் உடனே திருத்திக்கொள்வார். அதற்கடுத்த காட்சியில் திருத்தமாட்டார். ஆனால் இது மூலத்தில் இல்லாத ஒன்று. மொழிபெயர்ப்பாளர் இவ்வளவு செய்யலாமா என்று தெரியாமல்தான் பேனாவை வைத்துவிட்டேன்.

இன்னொன்று. லெமர்ஷான் என்ற குடும்பப் பெயருக்கு 'வியாபாரி' என்று பொருள். பிரெஞ்சு வாசகருக்கு அது முதல் நொடியிலேயே கேட்டுவிடும்.

---

அச்சுப்பிழை:

புதுவை அக்கா, அந்த 'அவங்க', 'அவ' பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வேலை ஓடவில்லை. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மா பல வருடம் வீட்டு வேலைக்குப் போனவர். ஒரு வீட்டில் அந்த அம்மாளுடைய மாமியார் பெயரும் என் அம்மா பெயரும் ஒன்று. வேலைக்காரியை அந்தப் பெயரால் கூப்பிட வாய் வராது என்று சொல்லி, முதல் நாளே வேறு பெயர் வைத்துவிட்டார்கள். ஏழு வருடம் அந்த வீட்டில் அம்மாவுக்கு அந்தப் பெயர்தான். நல்லவர்கள்தான். தீபாவளிக்குப் புடவை, என் பள்ளிக் கட்டணத்தில் பாதி, எல்லாம் கொடுத்தார்கள். நான் ஒருநாள் அம்மாவைத் தேடிப்போய் வாசலில் நின்று அம்மாவின் பெயரைச் சொன்னபோது, அப்படி யாரும் இங்கே இல்லை என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டது. அது பொய் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த பெயர் வேறு.

மேடைவிளக்கு அண்ணா எழுதியிருந்தாரே, அந்தப் பெயரையே சுவைப்பதுபோல் மதாம் பேசுகிறார் என்று. நான் இன்னும் 'ஹில்டா' படிக்கவில்லை. ஆனால் எனக்குப் புரிகிறது.

நான் படித்தது 'லாதிவீன்'. 2013இல் வந்த நாவல், ஆங்கிலத்தில் வந்தபோது 2016 சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் இருந்தது. அதிலும் பெயர்தான். மலிங்கா என்ற பெண் தன் பெயரை மாற்றி கிளாரிஸ் என்று வைத்துக்கொள்கிறாள். அவளுடைய அம்மா லாதிவீன் கறுப்பினப் பெண், வீடுகளைச் சுத்தம் செய்பவர். மகளின் தோல் வெளுப்பு, பார்த்தால் தெரியாது. சிறுமியாக இருக்கும்போதே தோழியிடம், அது எங்கள் வேலைக்காரி என்று சொல்லிவிடுகிறாள். பிறகு கல்யாணமாகி, தனக்கென்று வீடு, மகள் என்று எல்லாம் வந்த பிறகும், மாதத்தில் முதல் செவ்வாய்க்கிழமை மட்டும் யாருக்கும் தெரியாமல் ரயிலேறி போர்தோ நகரத்துக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறாள். கணவனுக்கும் தெரியாது. தன் மகளுக்கு மட்டும் அம்மாவின் பெயரான லாதிவீனையே வைத்திருக்கிறாள்.

அந்த முதல் செவ்வாய்க்கிழமையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அம்மாவை மறைத்தவளும் அவள்தான், ஒரு மாதம்கூடத் தவறாமல் போனவளும் அவள்தான். என்டியாய் அவளைத் திட்டவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

---

தாழம்பூ:

அச்சுப்பிழை, இதை எழுதியதற்கு நன்றி. வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

---

செய்ன்கரை:

வணக்கம். நான் பிரான்சில் முப்பது வருடமாக இருக்கிறேன், யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவன். இந்த இழையை மகள் காட்டினாள். நான் இருப்பது பாரிஸை ஒட்டிய கூர்ப்வுவாவில். 'அப்பா சாப்பிட வேண்டும்' நாடகம் நடப்பதும் கூர்ப்வுவாவில்தான், அதனால் எனக்கு அதில் தனி உரிமை இருப்பதுபோல் ஒரு நினைப்பு.

அந்த நாடகத்தில், பத்து வருடத்துக்கு முன் குடும்பத்தை விட்டுப் போன அப்பா திரும்பி வந்து கதவைத் தட்டுகிறார். கதவைத் திறப்பது மூத்த மகள் மினா. அவளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அவர் நல்ல உடுப்பு, நல்ல பேச்சு, தான் பணக்காரன் என்று கதைக்கிறார். உண்மையில் கையில் ஒன்றும் இல்லை. அம்மா சிகை அலங்காரம் செய்பவர், அவரோடு இப்போது ஸெல்னர் என்ற வாத்தியார் இருக்கிறார். ஸெல்னர் ஒரு முற்போக்குக்காரர். அதனாலேயே ஒரு கறுப்பு மனிதரை வெறுக்கத் தனக்கு உரிமை இல்லை என்று தவிக்கிறார். அப்பா பொய்யர்தான், ஏமாற்றுக்காரர்தான். ஆனால் நாடகம் அவரை வெறும் பாவப்பட்ட அகதியாகவோ வெறும் அயோக்கியனாகவோ ஆக்கவில்லை. வெளிநாட்டில் இருந்து வந்த எங்களுக்கு இது பெரிய விசயம். இங்கே எங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகம்பேர் எங்களை நல்லவர்களாக மட்டும்தான் எழுதுவார்கள். அதுவும் ஒரு வகை அவமரியாதை.

அது 2003இல் கொமெடி ஃபிரான்சேஸில் மேடையேறியது. அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1680இல் அரசன் அமைத்த நாடக நிறுவனம், மொலியேரின் வீடு என்றே சொல்வார்கள். அங்கே ஒரு நாடகம் நிரந்தரப் பட்டியலில் ஏற வேண்டும் என்றால் வாசிப்புக் குழு வாக்களிக்க வேண்டும். உயிரோடு இருக்கும்போதே அந்தப் பட்டியலில் ஏறிய பெண்கள் மிகச் சிலர். அவர்களில் இவரும் ஒருவர், அப்போது வயது 35. அப்பாவாக நடித்தவர் மாலியில் பிறந்த பக்காரி சங்கரே. இயக்கியவர் ஆந்த்ரே எங்கெல்.

2009இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். வலதுசாரித் தலைவர் சார்கோசி பிரான்சின் ஜனாதிபதியானதும் 2007இல் என்டியாய் குடும்பத்தோடு பெர்லினுக்குப் போய்விட்டார். கோன்கூருக்கு முன்பே ஒரு பேட்டியில், அந்த பிரான்ஸ் தனக்கு அரக்கத்தனமாகத் தெரிகிறது என்று சொல்லியிருந்தார். பரிசு அறிவித்த சில நாளில், எரிக் ரவூல் என்ற ஆளுங்கட்சி எம்.பி. பண்பாட்டு அமைச்சருக்குக் கடிதம் எழுதினார்: கோன்கூர் பெற்றவர்கள் நாட்டின் பெயரைக் காக்கும்படி வாயடக்கம் கொள்ள வேண்டும் என்று. வாயடக்கம் அரசு ஊழியர்களுக்கு உள்ள கடமை. எழுத்தாளருக்கு எப்படி? எழுத்தாளர்கள் கொதித்தார்கள். அமைச்சராக இருந்த ஃபிரெதெரிக் மித்தெரான், இதில் தீர்ப்புச் சொல்வது தன் வேலை இல்லை என்று ஒதுங்கிக்கொண்டார். அது எங்களில் பலருக்கு வருத்தம். ஒரு எழுத்தாளருக்குப் பக்கத்தில் நிற்பது பண்பாட்டு அமைச்சரின் வேலை இல்லையென்றால் பிறகு என்ன வேலை?

---

கருவேலம்:

பக்கத்து வீட்டுக் கிழவியைப் படித்துவிட்டேன். மேடைவிளக்கு, நீங்கள் சொன்னது சரி. அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் இப்போதும் சொல்கிறேன், நடுப்பகுதி தேவைக்கு மேல் நீளம்.

செய்ன்கரை ஐயாவுக்கு ஒரு கேள்வி. அவர் ஆப்பிரிக்க எழுத்தாளரா, பிரெஞ்சு எழுத்தாளரா? கடைகளில், இணையப் பட்டியல்களில் எல்லாம் ஆப்பிரிக்க இலக்கியம் என்ற தலைப்பின் கீழ்தான் அவரைப் பார்க்கிறேன்.

---

தாழம்பூ:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், ஐயா திருத்தட்டும்.

அவர் பிறந்தது பிரான்சின் கோதுமை வயல் பகுதியில். அம்மாவழித் தாத்தா பாட்டி விவசாயிகள். செனகலை முதல்முறை பார்த்ததே இருபது வயதைத் தாண்டித்தான். ஆப்பிரிக்கப் பண்பாடு தனக்குள் இல்லை என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் அவரைப் பார்க்கும்போது மட்டும் அங்கிருந்து வந்தவராகப் பார்க்கிறார்கள். இந்த இடைவெளிதான் அவர் எழுத்து முழுக்க இருப்பது. தொடக்கக் கால நாவல் ஒன்றில் ஒரு பெண் பாட்டியின் பிறந்தநாளுக்குக் கிராமத்து வீட்டுக்குப் போகிறாள். சொந்தக்காரர்கள் யாருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை. வெளியே நிறுத்தப்படுகிறாள். ஏன் என்று நாவல் கடைசிவரை சொல்வதில்லை. தோலின் நிறம் என்ற சொல்லே வருவதில்லை. வாசகர் தானாக ஊகிக்கிறார், ஊகித்தபின் அப்படி ஊகித்ததற்காகக் கூச்சப்படுகிறார்.

அவருடைய அண்ணன் பாப் என்டியாய் வரலாற்றாசிரியர், 2022இல் கல்வி அமைச்சராகவும் ஆனார். பிரான்சில் கறுப்பின மக்களின் நிலை பற்றி 2008இல் ஒரு முக்கியமான ஆய்வுநூல் எழுதினார். அந்த நூலின் முகப்பில் இருப்பது தங்கை எழுதிய ஒரு சிறுகதை. ஒரே கேள்வியை அண்ணன் ஆவணங்களோடு கேட்கிறார், தங்கை கதையாகக் கேட்கிறார்.

கோன்கூரை முதன்முதலில் வாங்கிய கறுப்பினத்தவர் ரெனே மரான், 1921இல். மார்த்தினிக் தீவில் பிறந்தவர். அதற்கு 88 வருடம் கழித்துத்தான் ஒரு கறுப்பினப் பெண்.

காதி டெம்பாவைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். பிள்ளை இல்லாத விதவை, மாமியார் வீட்டார் துரத்திவிடுகிறார்கள், ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்துவிடு என்று. படிப்பு இல்லை. வழியில் நடக்காத கொடுமை இல்லை. ஆனால் அவளிடம் ஒன்று மட்டும் இருக்கிறது. தான் காதி டெம்பா என்ற உணர்வு. தன் முழுப் பெயரைத் தனக்குள் சொல்லிக்கொள்கிறாள். முள்வேலியின் மேலிருந்து விழும்போதும் அதுதான். ஹில்டாவின் பெயரை மதாம் எடுத்துக்கொண்டார். காதியின் பெயரை யாராலும் எடுக்க முடியவில்லை. இரண்டுக்கும் நடுவே பத்து வருடம். அந்தப் பத்து வருடத்தில்தான் அவர் நாடகத்துக்கும் நாவலுக்கும் இடையே போய்வந்துகொண்டிருந்தார்.

இன்னொன்று, முதல் பகுதியில் நோராவின் அப்பா வீட்டில் வேலை செய்யும் பெண் யார் தெரியுமா? காதி டெம்பாவேதான். அங்கே அவள் பெயர் ஓரிரு இடத்தில்தான் வரும். நான் முதல் வாசிப்பில் கவனிக்கவே இல்லை.

---

செய்ன்கரை:

தங்கச்சி சொன்னது சரி. திருத்த ஒன்றும் இல்லை. பிரான்சில் புத்தகக் கடைகளில் அவரைப் பிரெஞ்சு இலக்கிய அடுக்கில்தான் வைக்கிறார்கள்.

---

புதுவை_வாசகி:

2021இல் வந்த 'பழிவாங்குதல் எனக்குரியது' நாவலையும் இங்கே பேசியாக வேண்டும், ஏனென்றால் அது நாவலுக்குள் ஒளிந்திருக்கும் நாடகம்.

போர்தோவில் மேத்ர் சூசான் என்ற வழக்கறிஞர். 42 வயது, சின்ன அலுவலகம், வழக்குகள் அதிகமில்லை. ஒருநாள் ழீல் பிரின்சிபோ என்பவர் வருகிறார். அவருடைய மனைவி மர்லீன் தங்கள் மூன்று குழந்தைகளையும் கொன்றுவிட்டாள், அவளுக்காக வாதாட வேண்டும் என்கிறார். இந்த மனிதரைச் சிறுவயதில் எங்கோ பார்த்திருக்கிறோமே என்று சூசானுக்கு ஒரு நெருடல். என்ன நடந்தது என்று நினைவுக்கு வரவில்லை.

சிறையில் மர்லீன் பேசும் பக்கங்கள் வருகின்றன. அவள் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் 'ஆனால்' என்று தொடங்குகிறது. விடாமல், பக்கக்கணக்கில். எதற்கு மறுப்பு என்று புரியாது. யாரோ கண்ணுக்குத் தெரியாமல் அவளோடு காலங்காலமாக வாதாடிக்கொண்டிருப்பதுபோல், அவள் ஒவ்வொரு மூச்சிலும் மறுத்துக்கொண்டிருக்கிறாள். கணவன் பேசும்போதோ ஒவ்வொரு வாக்கியமும் 'ஏனென்றால்'. அவனிடம் எல்லாவற்றுக்கும் விளக்கம் உண்டு. அந்தக் குடும்பம் எப்படி இருந்தது என்று யாரும் விவரிக்கத் தேவையில்லாமல் இந்த இரண்டு சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது.

தமிழில் 'ஆனால்' வந்துவிடும், சிரமமில்லை. 'ஏனென்றால்'தான் கடினம். நாம் பேசும்போது காரணத்தை முதலில் சொல்லி, 'வந்ததால', 'போனதால' என்று கடைசியில்தான் முடிச்சுப் போடுவோம். வரிக்கு வரி 'ஏனென்றால்' என்று தொடங்கினால் பாடம் ஒப்பிப்பதுபோல் ஆகிவிடும். ஆனால் ழீலைப் பொறுத்தவரை அந்த விறைப்பு பொருத்தம்தானோ என்றும் ஒரு யோசனை.

அப்புறம் ஷரோன். சூசான் வீட்டு வேலைக்கு வரும் மொரீஷியஸ் பெண், தங்குவதற்கான ஆவணங்கள் இல்லாதவர். சூசான் அவருக்காக எதுவும் செய்வார். சம்பளத்தைவிட, தன் சட்ட உதவியைவிட, ஷரோன் தன்னை நேசிக்க வேண்டும் என்பதுதான் சூசானின் தேவை. ஷரோன் அதை மட்டும் தருவதில்லை. 22 வருடம் கழித்து 'ஹில்டா' திரும்பி வந்திருக்கிறாள், இந்த முறை 'இல்லை' என்று சொல்லும் வலுவோடு.

---

மேடைவிளக்கு:

ஆமாம் அக்கா! எனக்கும் ஷரோனைப் படித்தபோது அதேதான் தோன்றியது.

மற்ற நாடகங்களையும் பாருங்கள், எப்போதும் யாரோ ஒருவர் மேடைக்கு வெளியே இருப்பார். 'பாம்புகள்' என்று 2004இல் ஒரு நாடகம். பிரான்சின் தேசிய நாளான ஜூலை 14, கொளுத்தும் வெயில், சோளக்காட்டு நடுவே ஒரு வீடு. வெளியே மூன்று பெண்கள்: மகனிடம் கடன் கேட்க வந்த தாய், மகனின் முதல் மனைவி, இப்போதைய மனைவி. அந்த மகன் வீட்டுக்குள் இருக்கிறான், நாடகம் முடியும்வரை வெளியே வருவதில்லை. கதவு மட்டும்தான் தெரியும். அந்தக் கதவைப் பார்த்துப் பயப்படுவதற்கு எந்த இசையும் தேவையில்லை.

நடிகை நிக்கோல் கார்சியாவுக்காக எழுதிய 'ருவாயான்' நாடகத்தில் ஒரு பள்ளி ஆசிரியை வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறார். மாடியில் அவர் வீட்டு வாசலில் ஒரு மாணவியின் பெற்றோர் காத்திருக்கிறார்கள். அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டவள். ஆசிரியை படிக்கட்டிலேயே நின்று, மேலே ஏறாமல், அவர்களை நோக்கிப் பேசுகிறார். நாடகம் முழுக்க அந்தப் பேச்சுதான். பெற்றோர் வருவதில்லை. இதை மேடையேற்ற ஒரு படிக்கட்டும் ஒரு நடிகையும் போதும். சின்னக் குழு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய நாடகம்.

சினிமாவிலும் அவர் கை உண்டு. இயக்குநர் கிளேர் தெனியோடு 2009இல் ஒரு படம். பிறகு அலீஸ் தியோப் இயக்கிய 'செந்த் ஓமேர்', 2022இல் வெனிஸில் நடுவர் குழுவின் பெரும் பரிசு பெற்றது, திரைக்கதையில் என்டியாயும் ஒருவர். தன் குழந்தையைக் கடலோரத்தில் விட்டு இறக்கவிட்ட ஒரு தாயின் உண்மை வழக்கு. நீதிமன்றத்தில் அந்தப் பெண் கூண்டில் நின்று பேசுகிறாள், கேமரா அசையாமல் கேட்கிறது. இங்கே மட்டும் தலைகீழ். எப்போதும் வெளியே நிறுத்தப்படும் பெண் நடுவில் நிற்கிறாள், பேசுகிறாள். ஆனாலும் அவளைப் புரிந்துவிட்டதாக யாராலும் சொல்ல முடியவில்லை.

---

அச்சுப்பிழை:

'லா ஷெஃப்' நாவல் யாரும் சொல்லவில்லையே. 2016இல் வந்தது. ஏழைக் குடும்பத்தில் பிறந்து, ஒரு வீட்டில் சமையல் வேலைக்குப் போய், பிறகு போர்தோவில் தன் சொந்த உணவகம் தொடங்கும் பெண்ணின் கதை. கீரையால் சுற்றிய ஆட்டுத்தொடைதான் அவருடைய பெயர்பெற்ற பதார்த்தம். உணவக வழிகாட்டி நூலில் நட்சத்திரம் கிடைத்தபோது அவருக்கு மகிழ்ச்சி வருவதில்லை, வெட்கம் வருகிறது. புகழ் வந்துவிட்டது என்றால் சாப்பிடுபவர்களுக்கு வளைந்துகொடுத்துவிட்டேனோ என்ற பயம். இதிலும் அவர் நேரடியாகப் பேசுவதில்லை. அவரிடம் வேலை பார்த்து, அவரை நேசித்த ஒரு ஆண் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது.

தலைப்பிலேயே சிக்கல். 'ஷெஃப்' என்பதற்குப் பெண்பாலே வேண்டாம் என்று பிரெஞ்சில் ஒரு சாரார் சொல்லிக்கொண்டிருந்தபோது என்டியாய் பெண்பால் வடிவத்தை அட்டையில் போட்டார். தமிழில் 'சமையற்காரி' என்றால் அது என் அம்மா. 'சமையற்கலைஞர்' என்றால் தொலைக்காட்சியில் வருபவர். இரண்டுமாக இருக்கும் ஒருத்திக்கு நம்மிடம் சொல்லே இல்லை. நான் 'சமையற்காரி' என்றே வைப்பேன்.

---

புதுவை_வாசகி:

வை தம்பி. அந்தச் சொல்லுக்கு நிமிர்ந்து நிற்கத் தெரியும்.

---

கருவேலம்:

நான் 'ஹில்டா'வை வாங்கிவிட்டேன், ஆங்கிலத்தில். ஒரே மூச்சில் முடித்தேன். இப்போது நடுப்பகுதி நீளம் என்று சொல்ல வாய் வரவில்லை. ரூடி பேசிக்கொண்டே இருப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் ஃபாந்தாவின் அன்றாடம், அந்த நீளத்தை நாமும் கொஞ்சம் அனுபவிக்க வேண்டியிருக்கிறது. சரி, நான் ஒத்துக்கொள்கிறேன்.

---

தாழம்பூ:

அப்படியானால் ஒன்று செய்வோமா? புதுவை அக்கா அந்த நான்கு பக்கத்தைக் கொடுத்தால், வரும் ஞாயிறு மாலை இணையத்தில் கூடி உரக்க வாசித்துப் பார்க்கலாம். 'அவங்க', 'அவ' எது நிற்கிறது என்று காதால் கேட்டு முடிவு செய்யலாம். மதாமை நான் வாசிக்கிறேன். மேடைவிளக்கு அண்ணா, நீங்கள் நெறிப்படுத்துங்கள். ஃபிராங்க் யார்?

---

புதுவை_வாசகி:

நாளைக்குள் சரிபார்த்து அனுப்புகிறேன். இரண்டு வடிவத்திலும் அனுப்புகிறேன், முதலில் 'அவங்க'வை வாசியுங்கள்.

---

மேடைவிளக்கு:

சரி. தாழம்பூ, மதாமை வாசிக்கும்போது கோபமாக வாசிக்காதே. நிஜமாகவே ஹில்டாவை உனக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்து வாசி.

---

செய்ன்கரை:

ஃபிராங்கை நான் வாசிக்கிறேன். குறைய வார்த்தைதானே. உங்கள் நேரம் இரவு எட்டு மணி என்றால் எனக்கு வேலை முடிந்துவிடும்.